பாவிகளின் அங்கிக்கு ஆறு கஜம் கான்வாஸ்

பீட்ரிக்ஸ் டோயிக்கைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு பேச்சு உண்டு. ஒன்று, அவள் தைத்த கப்பல் பாய் எந்தப் புயலிலும் தையல் பிரியாது. இன்னொன்று, நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் அவளுக்குத் தார்க்கட்டிதான் இருக்கிறது. முதல் பேச்சு உண்மை. இரண்டாவதைக் கொஞ்ச காலம் நானும் பேசித் திரிந்தேன். அதனால் அவள் கதையை நானே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

என் பெயர் கிறிஸ்டியன். என் புருஷன் வாட்டி எங்கள் கோவிலுக்குக் கோவில்பிள்ளை. மணி அடிப்பது, நாயை விரட்டுவது, பிரசங்கத்தில் தூங்குகிறவனைக் கோலால் குத்துவது, மூப்பர் சபை கூப்பிடுகிற ஆட்களின் வீட்டுக் கதவைத் தட்டுவது எல்லாம் அவன் வேலை. பாவ அங்கியைத் துவைத்துக் காயவைத்து மடித்து வைப்பது என் வேலை. சம்பளம் வாட்டிக்கு மட்டும்தான்.

ஃபைஃப் கரையில் எங்களுடையது சின்னத் துறை. இங்கே கான்வாஸ் இல்லாமல் யாரும் பிறப்பதுமில்லை, சாவதுமில்லை. பிள்ளை பெறுவது பதர் அடைத்த கான்வாஸ் மெத்தையில். கண்ணாடிக்கு வக்கில்லாத ஜன்னலில் அடிப்பதும் மேட்டில் ஓட்ஸ் தூற்ற விரிப்பதும் கான்வாஸ்தான். கரை ஒதுங்கிய பேர் தெரியாத பிணத்துக்குக் கோடித் துணியும் அதுவே. துரைமார் வீட்டில் அதன்மேல் வண்ணம் பூசிச் சுவரில் மாட்டுவார்களாம். நான் பார்த்ததில்லை, பார்க்கவும் ஆசையில்லை.

கோவிலில் அது பாவத்தின் துணி. விபசாரம் செய்தவர்கள் முரட்டுக் கான்வாஸ் அங்கியை மாட்டிக்கொண்டு, மணி அடிக்கத் தொடங்கியதிலிருந்து அது ஓயும்வரை வெறுங்காலோடு கோவில் வாசலில் நிற்க வேண்டும். பிறகு உள்ளே போய், பிரசங்க மேடைக்கு எதிரே உயரமான முக்காலியில் உட்கார வேண்டும். இருபத்தாறு ஞாயிறு இப்படி. கல்யாணக் கட்டில்லாத ஆணும் பெண்ணும் தவறினால் மூன்றே ஞாயிறு, அதுவும் சொந்த உடுப்பில். அதற்குப் பிறகு அவர்கள் கட்டிக்கொள்ளலாம். விபசாரம் என்று எழுதிவிட்டால் அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஆயுசுக்கும் கட்ட முடியாது. பீட்ரிக்ஸின் வாழ்க்கை இந்த வித்தியாசத்தில்தான் மாட்டிக்கொண்டது.

அவள் அப்பன் பாய் தைக்கிறவன். அவன் போன பிறகு துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கி மாடியில் அவளே உட்கார்ந்தாள். உள்ளங்கையில் தோல்பட்டை, அதில் பதித்த இரும்பு வட்டு, முக்கோண முனை ஊசி, மெழுகு தேய்த்த நூல். நாள் முழுக்கக் குனிந்தே இருப்பாள். பேச்சு குறைவு. கட்டினவன் நீனியன் கேய் அதற்கு நேர் எதிர். வாய் ஓயாத மாலுமி. அவன் சிரித்தால் உப்புக் கொட்டகை வரைக்கும் கேட்கும். இவளிடம் என்னத்தைக் கண்டான் என்று ஊரே கேட்டது. அவன் கண்டது அவனுக்குத்தான் தெரியும்.

ஒரு மார்ச் மாதம் ‘தேவகொடை’ என்ற கப்பலில் மரம் ஏற்றிவர நார்வேக்குப் போனான். எட்டுப் பேர் போனார்கள். மே மாதம் வர வேண்டிய கப்பல் ஜூன் முடிந்தும் வரவில்லை. ஜூலையில் மற்ற பெண்கள் துறைச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார்கள். பீட்ரிக்ஸ் கையை ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி நடந்தாள்.

“எங்கட்டி போற?” என்று நான் பிடித்து நிறுத்தினேன்.

“வேலை கெடக்குக்கா.”

“புருஷன் வரல, ஒனக்கு வேலையா?”

“கிரெயில் ஊர்க்காரன் பாய் நாளைக்கு வேணுமாம்” என்று சொல்லிவிட்டு மாடி ஏறிப் போனாள். அன்று சாயங்காலமே தார்க்கட்டிப் பேச்சு தொடங்கிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அந்த உலைக்கு விறகு போட்டதில் நானும் ஒருத்தி.

இரண்டு குளிர்காலம் அப்படியே போனது. சாப்பிட்டாள், தைத்தாள், கோவிலுக்கு வந்தாள். எதிரே போய் நின்றால் கண் நம்மேல் இருக்கும், பார்வை இருக்காது. பீப்பாய் செய்கிற ஸ்டீன் ரைண்ட் அவளுக்கு நிலக்கரி கொண்டுபோய்க் கொடுத்தான். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், சாது. நாலு வார்த்தை பேசினால் இரண்டு தொண்டையிலேயே நின்றுவிடும். அடுத்த ஜனவரியில் அவள் ஏப்ரன் முடிச்சு மேலே ஏறியிருப்பதை நான்தான் முதலில் கவனித்தேன். வாட்டியிடம் நான் சொல்லவில்லை. ஆனால் அவனுக்கும் கண் இருக்கிறதே.

மூப்பர் சபை கூடுவது கோவிலின் பக்க அறையில். அதன் ஜன்னலில் உடைந்த கண்ணாடிக்குப் பதில் கான்வாஸ் அடித்திருந்தார்கள். அதில் ஓர் ஓட்டையும் உண்டு. ஆகவே அந்தச் சபையின் ரகசியங்கள் எனக்குத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

“புள்ள யாரோடது?” என்று கேட்டார் பொருளாளர், மூப்பர் ஸ்வான். கிழிந்த கையுறையையும் எறிய மனம் வராத மனுஷர்.

“ஸ்டீன் ரைண்டோடது.”

“ஏன் இப்படிப் பண்ணின?”

“குளிரா இருந்திச்சு.”

“குளிருக்குப் போர்வை இல்லியா?”

“ஸ்டீன்கிட்ட ரெண்டு இருந்திச்சு.”

வாட்டி வாசலில் நின்று இருமினான். அவனுக்குச் சளி ஒன்றும் கிடையாது.

“ஒனக்குப் புருஷன் இருக்கானே?” என்றார் ஸ்வான்.

“கடல் கொண்டுபோயிட்டு.”

“யாரு பாத்தா?”

“பாத்தவங்களும் கூடவேதான போனாங்க.”

“எதுத்துப் பேசுறா, எழுதிக்கோ” என்று எழுத்தரைப் பார்த்துச் சொன்னார் ஸ்வான்.

போதகர் கெட்டவர் இல்லை. முன்னால் குனிந்து மெதுவாகப் பேசினார். “அம்மா, ஒரு சாட்சி, ஒரு கடுதாசி, ஏதாவது இருந்தா கொண்டா. இல்லன்னா சட்டத்துக்கு ஒம் புருஷன் உயிரோடதான் இருக்கான்.”

அப்போதுதான் அவள் தலையைத் தூக்கினாள். “உயிரோட இருக்கானா?”

“சட்டத்துக்கு.”

“சரி ஐயா” என்றாள்.

அந்தச் ‘சரி’யைத் திமிர் என்று நினைத்தேன். எனக்கு வேறு எப்படி நினைக்கத் தெரியும்?

தீர்ப்பு விபசாரம் என்றே ஆனது. இருபத்தாறு ஞாயிறும் ஒழுங்காக முடிந்த பிறகுதான் பிள்ளைக்கு ஞானஸ்நானம். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. பழைய அங்கியை எலி கடித்துப் போட்டிருந்தது. புதிதாகத் தைக்க வேண்டும், குற்றவாளிதான் அதற்குப் பொறுப்பு என்பது வழக்கம். ‘பாவிகளின் அங்கிக்கு ஆறு கஜம் கான்வாஸ்’ என்று எழுத்தர் ஏட்டில் எழுதினார். ஊரில் கான்வாஸ் தைக்கிறவள் ஒருத்திதான். தன் அங்கியைத் தானே தைக்கட்டும் என்று ஸ்வான் சொன்னார். செலவு மிச்சம் என்ற சந்தோஷம் அவர் குரலிலேயே தெரிந்தது.

துணியையும் அவரே பிடித்தார். பிரெஞ்சு தேசத்துப் புதுக் கான்வாஸ் வாங்குவாரா அந்த மனுஷர்? கிரெயில் ஊர் மீனவன் ஒருவனிடம் பழைய பாய்த்துணி கிடக்கிறது என்று மோப்பம் பிடித்து, வீசின விலைக்கு வாங்கி, சுருட்டி என் தலையில் ஏற்றிவிட்டார். நான் சுமந்துகொண்டு கிட்டங்கி மாடி ஏறினேன். பகல் வெளிச்சம் நன்றாக இருந்தது. பீட்ரிக்ஸ் தரையில் இடம் ஒதுக்கினாள். இருவருமாகப் பிடித்து விரித்தோம்.

துணியின் நடுவில், நீலக்கோடு போட்ட ஒட்டு ஒன்று இருந்தது.

அதை இந்த ஊரில் அடையாளம் தெரியாதவர்கள் கிடையாது. ‘தேவகொடை’ புறப்பட்ட வாரம் பாய் கிழிந்து, கையில் துணி தீர்ந்துபோய், பீட்ரிக்ஸ் தன் கல்யாண மெத்தையின் உறையைக் கிழித்து அந்த ஒட்டைப் போட்டாள். “கட்டிலையும் கூட ஏத்திக்கிட்டு நார்வேக்குப் போறியா?” என்று துறை முழுக்கக் கேலி பண்ணியது. “ஆமாம், பாதி மெத்தை எனக்கு, பாதி அவளுக்கு” என்று நீனியன் சிரித்தான். அந்தக் கேலியை ஆரம்பித்துவைத்ததே நான்தான்.

பீட்ரிக்ஸ் மண்டியிட்டு ஒட்டின்மேல் விரலை வைத்தாள். நாலு ஓரமும் தடவிப் பார்த்தாள். ஒரு ஓரத்தில் நகத்தால் நூலை இழுத்துப் பார்த்தாள். அது வரவில்லை.

“பிடிச்சிருக்கு” என்றாள். தையலைச் சொன்னாள். பிறகு சுண்ணக்கட்டியை எடுத்துத் தோள் அளவு போட ஆரம்பித்தாள்.

“ஏட்டி! என்ன பண்ணுத? இது அந்தப் பாய்தானே?”

“ஆமாக்கா.”

“அப்ப கப்பல் முங்கிட்டு. சாட்சி கெடச்சிட்டு. நீ விபசாரி இல்ல, விதவை. மூணு ஞாயித்துக்கெழம ஒக்காந்துட்டு ஸ்டீனக் கட்டிக்கலாம். போய்ச் சொல்லுட்டி!”

“சொல்ல மாட்டேன்.”

“பைத்தியமா ஒனக்கு?”

அவள் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தாள். அத்தனை வருஷத்தில் என்னிடம் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அன்று பேசியதுதான்.

“இந்த அங்கியப் போட்டுக்கிட்டு நான் வாசல்ல நின்னா, இன்னாரோட பொண்டாட்டி தப்புப் பண்ணிட்டான்னு போதகர் படிப்பாரு. பொண்டாட்டின்னு படிப்பாருக்கா. இருவத்தாறு வாரம். அந்த ஏட்டுலயாவது அவன் இருக்கட்டும். நான் போய்ச் சொல்லிட்டேன்னா அவன நானே முக்கினது மாதிரி.”

இதைச் சொன்னபோதும் அவள் முகம் அசையவில்லை. கத்தரிக்கோலை எடுத்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன். கோபமும் இருந்தது, பயமும் இருந்தது.

மறுநாள் ஸ்டீன் என் வீட்டுக்கு வந்தான். ஓட்ஸ் அடை சுட்டுக்கொண்டிருந்தேன். தொப்பியைக் கையில் திருகிக்கொண்டு நின்றான். அவனும்தானே கான்வாஸ் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டியவன். அதைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை.

“எம் புள்ளைக்கு... யாரு அப்பன்னு சொல்லுவாங்கக்கா?”

“சும்மா இரு, அடுப்புல வேல இருக்கு” என்று விரட்டினேன். அடை கருகியது. அவன் போன பிறகு சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு நேரே போதகர் வீட்டுக்குப் போனேன். வழியில் ஒரு முறைகூட நிற்கவில்லை. நின்றிருந்தால் திரும்பியிருப்பேனோ என்னவோ.

நான் சொன்னதைக் கேட்டு ஸ்வான்தான் குதித்தார். கடலில் மிதந்துவந்தது எதுவானாலும் இந்தக் கரையை ஆளும் பிரபுவுக்குச் சேர வேண்டியது. அதை ஒளித்துவைத்தவனிடம் வாங்கியது ஒரு மூப்பர் என்று வெளியே தெரிந்தால் மானம் போய்விடுமே. “கந்தத் துணிக்கு என்ன சாட்சி?” என்று கத்தினார். போதகர் கிரெயிலுக்கு ஆள் அனுப்பினார். அந்த மீனவன் வந்து பைபிள்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தான். கப்பல் வராமல் போன அதே ஜூலையில், மே என்கிற தீவுக்குக் கிழக்கே, ஹெர்ரிங் மீன் வலையில் பாய் சிக்கியதாம். கூடவே முறிந்த பாய்மரத் துண்டும் வந்ததாம். கயிறு அறுக்கும்போது ஒரு பூட்ஸும் வந்ததாம். பயந்துபோய் மரத்தையும் பூட்ஸையும் திரும்பக் கடலில் போட்டுவிட்டு, துணியை மட்டும் எடுத்துவந்து படகுக்கு மூடி வைத்திருக்கிறான்.

மே தீவு எங்கள் துறையிலிருந்து பார்த்தால் தெரியும். வீட்டு வாசலுக்கு வந்து செத்திருக்கிறார்கள் எட்டுப் பேரும்.

பீட்ரிக்ஸைக் கூப்பிட்டார்கள். அவள் தைத்து முடித்த அங்கியை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். எடுத்த வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. நீலக்கோடு ஒட்டு அங்கியின் முதுகில் உள்பக்கமாக இருந்தது. சாட்சிக்காக அதை வெட்டியெடுத்து சபைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். அந்த ஓட்டைக்கு வேறு துண்டு வைத்துத் தைத்துத் தரும்படி ஸ்வான் அவளிடமே சொன்னார். அவள் தலையாட்டினாள்.

போதகர் புதுத் தீர்ப்பைப் படித்தார். விபசாரம் இல்லை. மூன்று ஞாயிறு, சொந்த உடுப்பு. பிறகு அவளும் ஸ்டீனும் மணம் செய்துகொள்ளத் தடை இல்லை. அவருக்கே சந்தோஷம், குரலில் தெரிந்தது.

“அப்ப சட்டத்துக்கும் செத்துட்டானா ஐயா?”

“ஆமாம்மா.”

“அந்த ஒட்டைத் தர முடியுமா?”

“சாட்சிப் பொருள். அது பெட்டிலதான் இருக்கணும்” என்றார் ஸ்வான்.

“அங்கிய?”

“நல்லாருக்கே! ஆறு கஜம். அடுத்த பாவிக்கு நான் எங்க போவேன்?”

அவள் வெளியே வந்தபோது நான் வாசலில் காத்திருந்தேன். நன்றி சொல்வாள் என்றுதான் காத்திருந்தேன், பொய் சொல்வானேன்.

“நான் ஒங்கிட்டக் கேட்டனாக்கா?” என்றாள். அவ்வளவுதான்.

மூன்று ஞாயிறும் அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். “நீனியன் கேயின் விதவை பீட்ரிக்ஸ் டோயிக்” என்று போதகர் படித்தபோதெல்லாம் அவள் கண் சுவரில் இருந்தது. மற்ற ஏழு குடும்பத்துப் பெண்களும் அவளை வேறு மாதிரி பார்த்தார்கள். அவர்களுக்கும் சாட்சி கிடைத்துவிட்டதே. அடுத்த வருஷத்துக்குள் இருவர் மறுமணம் செய்துகொண்டார்கள். கிட்டங்கி மாடிக்கு ஒருத்தி முட்டை கொண்டுபோய்க் கொடுத்தாள். ஸ்டீனைக் கட்டினாள். ஜூன் மாதம் பெண் பிறந்தது, அப்பன் பேரோடு ஞானஸ்நானம் ஆனது. எல்லாம் நான் சொன்னபடியே நடந்தது. இதைத் தெருவில் நாலு பேரிடம் சொல்லியும் காட்டினேன். அவள் மட்டும் என்னோடு பேசவில்லை. முறைக்கவும் இல்லை. நான் எதிரே வந்தால் நகர்ந்து வழி விடுவாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். இதற்கு என்ன செய்வது?

அங்கியை முதலில் போட்டவன் கொல்லன் கில்பர்ட் ஸ்டார்க். அடுத்த வருஷம் நவம்பரில். பட்டறை ஊதுலைத் துருத்தி மாதிரி மார்பு அவனுக்கு. ஒரு பெண்ணின் அளவுக்குத் தைத்த அங்கியை அவன் தலைவழியே இழுத்து மாட்டிவிட நானும் வாட்டியும் படாத பாடு பட்டோம்.

“மூச்சு விட்டா பாவம் வெளிய வந்துரும் போலிருக்கே” என்றான் கொல்லன்.

“மூடிக்கிட்டு நில்லு” என்றான் வாட்டி, மணிக்கயிற்றைப் பிடித்தபடி.

கொல்லன் கையைத் தூக்கிக் காதைச் சொறிந்தான். தோளில் துணி வாய் பிளந்தது. தையல் போகவில்லை, அதன் பக்கத்தில் துணியே நைந்துபோயிருந்தது. உப்புத் தண்ணீரில் ஊறிய துணி. ஜனம் சிரித்துக்கொண்டே உள்ளே போனது.

அப்போது பீட்ரிக்ஸ் வந்தாள். ஸ்டீன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டான். அவள் கொல்லனுக்கு முன்னால் நின்றாள். அந்த அங்கியை, ஓட்டைக்குத் துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்த நாளுக்குப் பிறகு அவள் பார்த்திருக்கவில்லை. நான் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேனே.

“குனியும்” என்றாள்.

“என்னது?”

“குனியும் வே. கிழிஞ்சிருக்கு.”

ரவிக்கை மடிப்பிலிருந்து ஊசியை எடுத்தாள். ஓய்வுநாளில் ஊசி எடுப்பது குற்றம். முக்காலியில் உட்காரவைக்கிற குற்றம். அதுவும் கோவில் வாசலில், மணி அடித்துக்கொண்டிருக்கையில். “வேண்டாம்ட்டி” என்று நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் என் கையை மெதுவாக எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டுத் தைக்க ஆரம்பித்தாள். கொல்லன் அந்தப் பெரிய உடம்பை வளைத்துக்கொண்டு, வெறுங்கால் இரண்டும் ஈரக் கல்லில் நீலம் பாரிக்க, அப்படியே நின்றான். பதினைந்து குத்து இருக்கும். முடிச்சுப் போட்டாள். நூலைக் கடிக்க முகத்தைத் துணியில் வைத்தாள்.

நூல் கடிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

நூல் அறுந்த பிறகும் அவள் முகத்தை எடுக்கவில்லை. இரண்டு கையாலும் கான்வாஸைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். முதுகு குலுங்கியது. சத்தம் வரவில்லை. கொல்லன் என்னைப் பார்த்தான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. “அழு தாயி” என்றான் அவன், யாருக்கும் கேட்காத மாதிரி. “எனக்கொண்ணும் அவசரமில்ல. இன்னும் இருவத்தஞ்சு ஞாயிறு கெடக்கு.”

வாட்டி இரக்கம் பார்க்கிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் சுமந்ததற்காகச் சொந்தத் தங்கச்சியையே சபையில் காட்டிக்கொடுத்தவன். போதகர் மேடை ஏறியதும் மணியை நிறுத்த வேண்டும், அவர் ஏறி வெகு நேரம் ஆகியிருந்தது. உள்ளே ஸ்வான் இருமி இருமிக் கூப்பிட்டார். வாட்டி கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு அடித்துக்கொண்டே இருந்தான்.